கார் ஷெட்டும் ஜிப்சம் சுவரும்

பெங்களூரின் பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற பழைய பகுதிகளில் எஞ்சியுள்ள கார் ஷெட்டுகளை அலுவலக அறையாகவோ வாடகை அறையாகவோ மாற்ற முனைவோருக்கு முதலில் எதிர்ப்படும் தடை கருங்கற்சுவர்தான். செங்கற்சுவரைப் போல் அதைக் கொத்தி மின்குழாய் பதிக்க இயலாது. எனவே சுவருக்கு முன்னே, துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டங்களான ஜி.ஐ. சேனல்களை நிறுத்தி, அவற்றின்மீது 12.5 மி.மீ. தடிமனுள்ள ஜிப்சம் பலகையைத் திருகி, இடைவெளியில் வயரிங்கைக் கொண்டுசெல்லும் முறை கைகொடுக்கிறது.

பொய்க்கூரைக்கான மலிவுப் பொருளென்றே பலரும் கருதும் இப்பலகையின் வியப்பு அதன் வேதியியலில் உள்ளது. ஜிப்சம் என்பது நீரைத் தன் படிகத்துக்குள்ளேயே பிணைத்துவைத்துள்ள கால்சியம் சல்பேட். தூய ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீரே என்பதால், தொட்டால் உலர்ந்திருக்கும் ஒரு சதுர மீட்டர் பலகைக்குள் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஜிப்சத்தைச் சூடாக்கி அந்நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். அதை மீண்டும் நீரில் குழைத்து, இரு காகிதத் தாள்களுக்கிடையே ஊற்றி இறுகவைத்ததே பலகை. தீப்பற்றினால் இச்செயல் பின்னோக்கி நடக்கிறது: நீர் ஆவியாகும்வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், தண்ணீர் வற்றாதவரை சோறு அடிப்பிடிக்காததும் இதே நியதியால்தான். நீர் தீர்ந்தபின் எஞ்சுவது விரிசல் விடும் வலுவற்ற பொருள் மட்டுமே. சுவிட்ச் பெட்டிக்காகப் பலகையில் வெட்டப்படும் ஒவ்வொரு துளையும் இக்காப்பில் ஓர் ஓட்டை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இப்பலகைக்குப் பின்னால் எதை மறைக்கிறோம் என்பதில்தான் கவலைக்கு இடமுண்டு; ஷெட் அறையானபின்னும், வெளியே நிற்கும் மின்காருக்கான கம்பி இச்சுவர் வழியே செல்லக்கூடும். 2001இல் இந்நகரிலேயே உருவான ரேவா என்னும் சிறு மின்கார், வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கிலேயே மின்னேற்றம் பெற்றது, இன்று 3.3 கிலோவாட் சார்ஜர் ஒன்று 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கிறது. விளக்குக்கென இழுத்த பழைய கம்பியோடு புதுக்கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, பலகையால் மூடிவிடும் வழக்கம் பொறுப்பற்றது. அவ்விணைப்பு தளர்ந்து அரை ஓம் மின்தடை ஏற்பட்டாலே, 14 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 98 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருப்பதால், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழாது; மின்சாரம் நிலத்துக்குக் கசியாததால், உயிர்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் விழாது. மின்கசிவை அறிய எர்த் கம்பியும் ஆர்.சி.சி.பி.யும் இன்றியமையாதவை என்றாலும், தளர்ந்த இணைப்பை அவை கண்டறிய மாட்டா.

ஆகவே மின்பலகையிலிருந்து சார்ஜர் பிளக் வரை 4 சதுர மி.மீ. செப்புக் கம்பியை இடையில் இணைப்பின்றித் தனிக்குழாயில் இழுப்பதும், தவிர்க்க முடியாத இணைப்புகளைத் திறந்து பார்க்கத்தக்க ஜங்ஷன் பெட்டிக்குள் வைப்பதும், பலகை ஏறுமுன் குழாய்களின் தடத்தை அளவுகோலுடன் படமெடுத்துவைப்பதும் முறையாகும். பின்னாளில் அலமாரி மாட்டும் திருகு கம்பியைத் துளைக்காமலிருக்க அப்படமே துணை. சுவரின் அழகு கெடுமென்று ஜங்ஷன் பெட்டியின் மூடிமேலேயே பட்டி பூசச் சொல்லும் உரிமையாளர்களும், அதற்குத் தலையாட்டும் எலக்ட்ரீஷியன்களும் இந்நகரில் குறைவில்லை.