ஜவ்வாது மலையில் வர்க்கமூலங்கள்… தெரியுமா?

கணித மேதை ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றி வருவது தெரியுமா? அதைக் கண்டுபிடித்தது நம் ஜவ்வாது மலையிலிருந்துதான்! 1988-ல் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டறிந்த அந்தச் சிறுகோளுக்கு '4130 ராமானுஜன்' என்று பெயர்.

அந்த ராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் போட்ட புதிர் தெரியுமா?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) = ?

மூலக்குறிக்குள் மூலக்குறி, அதற்குள் இன்னொன்று, முடிவே கிடையாது! ஆறு மாதம் காத்திருந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. விடையோ வெறும் 3!

எப்படி? 3 என்பது √9. அந்த 9-ஐ 1 + 2×4 என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்! இத்தனைக்கும் அடியில் இருப்பது பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) மட்டுமே. (முடிவிலி வரை போனாலும் மதிப்பு 3-ஐ விட்டு நழுவாது என்பதற்குத் தனி நிரூபணம் உண்டு, அதுவும் அழகானது.)

மலைக்குத் திரும்பினால் அங்கும் வர்க்கமூலம்தான்! காவலூரின் பெரிய தொலைநோக்கி, 1986-ல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கி. ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். இருட்டில் நம் கண்மணி விரிவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். இரண்டு வட்டங்களின் பரப்பை வகுத்தால் π அடிபடும், 4 அடிபடும். மிஞ்சுவது (2340/6)², அதாவது 390². கண்ணைப்போல 1,52,100 மடங்கு ஒளி! இதைவிட இரு மடங்கு ஒளி வேண்டுமா? விட்டத்தை இரட்டிப்பாக்கத் தேவையே இல்லை. √2 மடங்கு, சுமார் 3.31 மீட்டர் போதும்!

கோள்களின் ஆண்டுக் கணக்கும் வர்க்கமூலம்தான், தெரியுமா? கெப்ளர் 1619-ல் வெளியிட்ட விதி அது. ஒரு கோள் சூரியனிலிருந்து பூமியைப்போல எத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்தால், அதன் மூன்றாம் அடுக்குக்கு வர்க்கமூலம் எடுங்கள். அந்த மடங்கு அ என்றால், √அ³ என்பதைச் சுருக்கினால் அ√அ. வியாழன் 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது: 5.2 × √5.2, சுமார் 11.86. அத்தனை ஆண்டுகளில்தான் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி முடிக்கிறது!