பொருநைக் கரையில் ‘பொன்னியின் செல்வன்’

காவேரிக் கரைக் கதையொன்றைத் தாம்பிரபரணிக் கரையில் அமர்ந்து படிப்பதில் தனியானதொரு ரஸம் உண்டு. தஞ்சை ஜில்லாவாசிகளுக்கு அது கிட்டாது. ஏனெனில், கல்கி 1950 முதல் 1954 வரை தம் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதி, மணியம் சித்திரம் தீட்டிய அந்த ஐந்து பாக நாவலில், சதிகாரர்கள் நம்மவர்கள்! சோழ குலத்தை வேரறுக்கச் சபதம் செய்த ரவிதாஸன் கூட்டத்தார் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள். வந்தியத்தேவன் தப்ப வேண்டுமே என்று நெஞ்சு பதைக்கிறது. அதே சமயம் தலையிழந்த வீரபாண்டியனுக்காகவும் ஒரு மூலையில் பரிதாபம் சுரக்கிறது. (அந்த வீரபாண்டியனும் ‘சோழன் தலைகொண்ட’ என்று கல்லில் வெட்டிக்கொண்டவன்தான் என்பது வேறு விஷயம்.)

வானில் தூமகேது, கடம்பூர் மாளிகையில் ஆவேசம் வந்து பலி கேட்கும் தேவராளன், ஆபத்து வேளைகளில் தெய்வம்போல் தோன்றி மறையும் ஊமை ராணி. இவையெல்லாம் மாயமா, மனிதர் செயலா என்று வாசகர் தயங்கும்போதே கதை நாலு காதம் ஓடிவிடுகிறது. கடம்பூர் என்றதும் நம் பக்கத்துக் கடம்பூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். கதையிலுள்ளது காட்டுமன்னார்கோயில் பக்கம்.

மர்மத்தின் உச்சம் ஆதித்த கரிகாலன் கொலை. சமய சந்தர்ப்பம் பார்த்து விளக்கு அணைந்துவிடுகிறது. குத்தியது யார் கை என்று ஆசிரியர் முடித்துச் சொல்லவில்லை. இது வெறும் எழுத்துத் தந்திரமன்று. சரித்திரமே அங்கே வாய் திறக்கவில்லை. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுச் சாஸனம் ஒன்று இருக்கிறது. சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று கூறி, அவர்களுடைய உறவினர் சொத்துக்களையும் பறிப்பதைப் பற்றியது அது. ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள். பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் அளிக்கும் பட்டம். அப்படியானால் இவர்கள் வெளியிலிருந்து வந்த பகைவரா, அரண்மனைக்குள்ளேயே இருந்தவர்களா? கொலை சுமார் 969-ல் நிகழ்ந்தது; ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். இடையில் ஆண்டவன் உத்தம சோழன்.

இந்தத் தாமதத்தைக் கண்டு உத்தமன்மீது சந்தேகம் கொண்டவர், நம் கல்லிடைக்குறிச்சியில் 1892-ல் பிறந்து, திருநெல்வேலி ஹிந்து கல்லூரியில் பயின்ற சரித்திர ஆசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. பண்டிதர் வழக்கு தீராமல் நின்ற இடத்திலேதான் கல்கி தம் கற்பனையை நட்டார்; உத்தமனைக் காப்பாற்றி, பழியின் பெரும் பங்கைப் பாண்டிய நாட்டின் பக்கம் தள்ளினார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. நமக்கும் புருவத்தை உயர்த்த உரிமை உண்டு.

ஆனால் வகுப்பில் வரும் கேள்வி வேறு. 2022, 2023-ல் திரைப்படம் இரு பாகங்களாக வந்த பிறகு, நந்தினியின் சமாதி எங்கே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நந்தினி கல்கியின் சிருஷ்டி; ரவிதாஸன் கல்வெட்டுப் பெயர் என்றால் முகம் வாடிவிடுகிறது. வாடட்டும், எது கல், எது கதை என்று தெரிந்து படிப்பவனுக்கு இரண்டாம் முறை படிக்கையில் இன்பம் இரட்டிப்பாகும்.

அவர்களை அம்பாசமுத்திரம் அருகே மன்னார்கோயிலுக்கு அழைத்துச் செல்லலாம். ராஜேந்திரனின் மகன் ‘சோழ பாண்டியன்’ என்ற பட்டத்தோடு இப்பகுதியை ஆண்டபோது, சேர மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்த கோயில் அது. பெயரோ ராஜேந்திர சோழ விண்ணகரம். பாண்டிய மண்ணில், சேரன் கட்டி, சோழன் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே ஒரு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு முதற் பாகத்தைத் திறக்கட்டும்.