தாயக்கட்டையும் இருபது முகப் பகடையும்

சென்ற தீபாவளி விடுமுறையில் எங்கள் குடியிருப்பின் வராந்தாவில் ஐந்தாறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டு மாமி என்னைத் தனியே அழைத்து, "என்ன சார் இது, கொழந்தைகள் சூதாடறதுகளே! நீங்களாவது சொல்லப்படாதா?" என்றார். சூது என்றதும் தருமரும் நளனும் பட்ட பாடுதானே நமக்கெல்லாம் நினைவுக்கு வரும்! சொல்லத்தான் போனேன். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. பந்தயம் கிடையாது, காசு கிடையாது. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்கிறான் ஒரு பையன். முடிந்ததா, இல்லையா? கதை நடத்துபவர் வாய்க்கு வந்ததே தீர்ப்பு என்றால் வேண்டியவன், வேண்டாதவன் என்று சண்டை வந்துவிடும். அந்த இடத்தில்தான் பகடை வருகிறது.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இதற்கு ஒரே முறைதான். இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை இலக்கைத் தொட்டால் வெற்றி. எளிய காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. மதிலுக்கு 15 என்று வையுங்கள். ஏறிப் பழகாத புலவருக்குத் திறமை எண் சைபர். 15 முதல் 20 வரை ஆறு முகங்களில் ஒன்று விழ வேண்டும். அதாவது 30 விழுக்காடு. கைதேர்ந்த திருடனுக்குத் திறமை 5 என்றால் 10 விழுந்தாலே போதும்; பதினொரு முகங்கள், 55 விழுக்காடு. திறமையில் ஒவ்வொரு எண் கூடும்போதும் வாய்ப்பு 5 விழுக்காடு கூடுகிறது.

நம்ம தாயக்கட்டை கணக்கே வேறு. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு வெற்றுப் பக்கம். எல்லாப் பக்கமும் சமமாக விழும் என்று கொண்டால் மொத்தம் 16 வழி. மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2 வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி. நடு எண்கள் அடிக்கடி வரும், ஓர எண்கள் அபூர்வம். இருபது முகத்தில் அந்த மேடு பள்ளம் இல்லை. 1 விழுவதும் 20 விழுவதும் ஒன்றுதான். அதனால்தான் கைதேர்ந்தவனும் பாதி நேரம் வழுக்கி விழுகிறான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. இன்னொன்று, தாயக்கட்டைக்குப் பாட்டி யார், பேரன் யார் என்று தெரியாது. எந்தக் காயை நகர்த்துவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம், அதுவும் உருட்டிய பிறகு. இவர்கள் ஆட்டத்தில் பயிற்சி உருட்டும்போதே கூட வருகிறது.

பகடையையும் பயிற்சியையும் சேர்த்து நினைத்தது இன்று நேற்றல்ல. நம் புனே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-ல் தொடங்கி 1966-ல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பின் வனபர்வத்தில் நளன் கதை இருக்கிறது. தேரில் போகும்போதே இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் என்று கணக்குச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தான்றிக்காய்தான் அக்காலத்துப் பகடை என்பதைக் கவனியுங்கள்! அந்த வித்தையைத் தெரிந்துகொண்டதும் கலி நீங்குகிறது. மறுபடி சூதாடித்தான் நாட்டை மீட்கிறான். பகடையைத் தூர எறிந்து அல்ல.

பிள்ளைகளிடம் எனக்குப் பிடித்தது, எல்லாவற்றுக்கும் உருட்டாததுதான். கதவைத் திறந்து வெளியே போக உருட்டச் சொன்னான் ஒருவன். "தோத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு உருட்டணும்?" என்றாள் கதை நடத்திய பெண்.

மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்காத்துல பித்தளைத் தாயக்கட்டை இருக்கு, அது இதுகளுக்கு ஆகுமோ?" என்றார். ஆகும். நாலும் அதற்கு மேலும் விழ 16-ல் 7 வழி. இலக்கு எண்களை மட்டும் புதிதாக எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு அந்த அட்டவணையோடு பிள்ளைகள் மாமி வீட்டுக்குப் போனார்கள்.