சினைப்பருவம் தவறாமல் காக்கும் செல்போன்

கறவை மாடு வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், சினைப்பருவத்தைத் தவறவிடுவதுதான். ஒரு முறை தவறினால் சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு உண்டு. அடுத்த கன்றும் பாலும் தள்ளிப்போகும். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற மூன்று மாதங்களுக்குள் மாடு மீண்டும் சினைபிடிக்க வேண்டும். இதற்குக் கையில் உள்ள செல்போனே பெரிதும் உதவும்.

தேதியைப் பதியுங்கள்

ஒவ்வொரு மாடும் ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி ஆகியவற்றை செல்போன் காலண்டரில் குறித்து, நினைவூட்டல் வைக்க வேண்டும். உதாரணமாக, ஜனவரி 1-ல் ஊசி போட்டால், 19 முதல் 25-ம் தேதி வரை மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வராவிட்டாலும் சினை என்று முடிவு கட்டக் கூடாது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். சினைக்காலம் சுமார் 280 நாட்கள் என்பதால், அக்டோபர் 8-ஐ ஒட்டி கன்று ஈனும். அதற்கு 60 நாட்கள் முன்பு, ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும்.

இரவில் கவனிக்கும் கருவி

பல மாடுகள் இரவிலும் விடியற்காலையிலும்தான் பருவ அறிகுறிகளைக் காட்டும். சில மாடுகள் கத்தாமல், தாவாமல் ஊமைப் பருவமாகக் கடந்துவிடும். பெரிய பண்ணைகளில் இதைக் கண்டறிய, மாட்டின் கழுத்திலோ காலிலோ சென்சார் பட்டை கட்டுகிறார்கள். பருவத்தில் மாட்டின் நடமாட்டம் கூடும், அசைபோடுவது குறையும். இந்த மாற்றத்தைக் கணக்கிட்டு, கருவி செல்போனுக்குத் தகவல் அனுப்பும். நடமாட்டம், அசைபோடுதல் இரண்டுமே குறைந்தால் நோயாக இருக்கலாம்.

ஆனால் எப்போதும் கட்டியே வைத்திருக்கும் மாட்டில் நடமாட்டத்தை வைத்துப் பருவத்தைக் கணிப்பது கடினம். ஓரிரு மாடு வைத்திருப்போருக்கு இந்தச் செலவு தேவையில்லை. காலை, மாலை, இரவு படுக்கும் முன் என மூன்று வேளையும் 20 நிமிடம் கவனித்தாலே போதும். கண்ணாடி போன்ற வழும்பு வழிதல், பால் குறைதல், பிற மாடுகள் தாவும்போது அசையாமல் நிற்றல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும்.

காது வில்லை முக்கியம்

மாட்டின் காதில் போடப்படும் வில்லையில் உள்ள 12 இலக்க எண்தான் அதன் அடையாளம். சினை ஊசி, தடுப்பூசி விவரங்கள் இந்த எண்ணில்தான் ‘பாரத் பசுதன்’ தரவுத்தளத்தில் பதிவாகின்றன. எண் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து செல்போனில் வைத்திருங்கள். காப்பீடு செய்த மாட்டின் வில்லை விழுந்துவிட்டால், உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து புதிய வில்லை போட வேண்டும். வில்லை இல்லாமல் மாடு இறந்தால் இழப்பீடு பெறுவது சிக்கலாகிவிடும்.

மாடு வாங்கும்போதும் வில்லை எண்ணைக் கேட்டு வாங்கி, உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.