சங்கிலி ரம்பங்களின் களச் சோதனை

சங்கிலி ரம்பத்தின் களச் சோதனை என்பது, செயின்சா எனப்படும் மரம் அறுக்கும் இயந்திரத்தின் புதிய வகையைக் காட்டிலேயே அன்றாட வேலையில் நீண்ட நாள் ஓட்டிப் பார்ப்பதாகும். ஜெர்மனியில் கே.டபிள்யூ.எஃப் என்னும் வனத் தொழில்நுட்ப அமைப்பு இத்தகைய சோதனைகளை நடத்திச் சான்று வழங்குகிறது.

ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குத் தனி நெறிமுறைகள் உள்ளன. கைப்பிடி அதிர்வை அளக்க ஐ.எஸ்.ஓ 22867, ரம்பம் திடீரென எகிறிப் பின்னுதைப்பதை அளக்க ஐ.எஸ்.ஓ 9518. ஆனால் அங்கு சங்கிலி கூராக இருக்கும், கட்டை சுத்தமாக இருக்கும். காட்டிலோ மண் படிந்த பட்டையை அறுத்துச் சங்கிலி மழுங்கிவிடும். மழுங்கிய சங்கிலியால் அதிர்வும் கூடும்.

தட்பவெப்பம் இன்னும் பெரிய சிக்கல். உறைநிலைக்கு அருகில், ஈரப்பதம் மிகுந்த காற்றில், பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். இதைத் தடுக்க, சிலிண்டரின் சூடான காற்றை உள்ளே விடும் சிறு மூடி பல ரம்பங்களில் உண்டு. கோடையில் அதை மாற்றி வைக்க மறந்தால் எஞ்சின் மிகையாகச் சூடேறும். குளிரில் சங்கிலி எண்ணெயும் கெட்டியாகிச் சரிவர வராது. பேட்டரி ரம்பத்தின் வேலை நேரமும் குறையும். மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவையில் எரிபொருள் மிகுந்து, இழுவை குறையும். வெயிலில் வேலை செய்து சிறிது நேரம் நிறுத்திய ரம்பம், எத்தனை முறை கயிற்றை இழுத்தால் மீண்டும் கிளம்பும் என்பது எளிய சோதனைதான். ஆனால் தொழிலாளி முதலில் குறை சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இச்சோதனைகளில் பணயமாக இருப்பது கை. பழைய ரம்பங்களின் அதிர்வால் விரல்களின் இரத்த ஓட்டம் தடைபட்டு, குளிரில் அவை வெளுத்து மரத்துப்போகும் 'வெண்விரல்' நோய் வனத் தொழிலாளர்களிடையே பரவலாக இருந்தது. பின்லாந்தின் சுவோமுசால்மி பகுதித் தொழிலாளர்களை 1972 முதல் 1990 வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். அக்காலத்தில் ரம்பங்களின் அதிர்வு நொடிவர்க்கத்துக்கு ஏறத்தாழ 14 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் குறைந்தது. நோயும் வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, எட்டு மணி நேர வேலைக்கான உச்ச வரம்பு 5 மீட்டர்.

இரு ரம்பங்களை ஒப்பிடும்போது, அறுப்பவரின் திறமையே முடிவை மாற்றிவிடக்கூடும். ஆகவே ஒரே ஆளிடம் இரண்டையும் மாறிமாறிக் கொடுப்பதும், சங்கிலிகளை ஒருவரே தீட்டுவதும் நல்லது.