செங்காந்தளின் பருவப் பராமரிப்பு

குளிர்நாட்டு லில்லிச் செடிகள் பனிக்காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் துளிர்ப்பவை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் அத்தகைய குளிர் என்றுமே வருவதில்லை. எனினும் கேரளத்தில் மேந்தோன்னி என வழங்கும் செங்காந்தளுக்கு அங்கும் ஓர் உறக்ககாலம் உண்டு. அதனைத் தருவது குளிரன்று. மழை ஓய்ந்த வறண்ட மாதங்களே.

முன்னர் லில்லிக் குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்ட இக்கொடியைத் தாவர நூலார் இப்பொழுது கால்ச்சிகேசி என்னும் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. இரு கிளையாக வளைந்த கிழங்கின் தோற்றம் பற்றிக் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் இதற்கு உண்டு, பொருத்தமான பெயர்தான்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கிழங்கு முளைவிடுகிறது. இலை நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு அருகிலுள்ள செடியையோ கொம்பையோ பற்றிக்கொள்ளும். பற்றுக்கோடில்லாத கொடி தரையில் சாயும் ஆதலின், முளை தோன்றியவுடனேயே கொம்பு நடுதல் வேண்டும். கரிய உடலில் வெண்மையும் செம்மையுமான புள்ளிகளுடைய புழுக்கள் இலைகளைத் தின்று தீர்ப்பதுண்டு. சில கொடிகளே உள்ள வீட்டுத் தோட்டத்தில் அவற்றைப் பொறுக்கி அகற்றுவதே போதும்.

பூ உதிர்ந்தபின் கொடி அழகிழந்து நிற்கும். தோட்டக்காரர் பெரும்பாலும் பிழை செய்வது இவ்வமயத்தில்தான். பசுமை மாறாத தண்டை வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டுக்குரிய கிழங்கு மெலிந்து போகும். ஏனெனில், பழைய கிழங்கு அவ்வாண்டிலேயே தேய்ந்தொழிய, இலைகள் ஆக்கும் உணவைக்கொண்டே புதுக்கிழங்கு திரள்கிறது. ஆகவே தண்டு மஞ்சளித்துத் தானே காயும்வரை காத்திருந்து, பின்னரே தரைமட்டத்தில் அறுத்தல் வேண்டும். விதை தேவையில்லையெனில் வாடிய பூக்களை மட்டும் முன்னதாகக் கிள்ளிவிடலாம்.

தண்டு காய்ந்தபின் நீர் ஊற்றலாகாது. உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும். தோண்டி எடுப்பதாயின் மிக்க கவனம் தேவை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அது முறிந்தால் அக்கிளை மீண்டும் முளைப்பதில்லை.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இச்செடியின் எல்லா உறுப்புக்களிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு அடங்கியுள்ளது. கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாவதும் அதுவே. தமிழ்நாட்டில் உழவர் இக்கொடியைப் பயிரிடுவது இம்மருந்துக்குரிய விதைக்காகத்தான். ஆனால் மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. தோண்டிய கிழங்கைச் சர்க்கரைவள்ளி முதலிய உணவுக் கிழங்குகளென மயங்கி உண்டு உயிரிழந்தோர் உளர். வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தோன்றுமாதலால், உண்டவர் நலமாயிருப்பதாகக் கருதிக் காலம் தாழ்த்தலாகாது. எஞ்சிய கிழங்குத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

கிழங்கைக் கையாளும்போது கையுறை அணிவது நன்று. உலர்ந்த மணலில் புதைத்து, பெயரெழுதிய பெட்டியில், சமையலறைக்கும் குழந்தைகளின் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த மழைக்கு முன் படுக்கைவாட்டில் ஆழமின்றி நடலாம்.