கேட் திறந்தும் நகராத வண்டிகள்

ரயில்வே கேட் மூடியதும் முதலில் வந்த வண்டிகள் ஒழுங்காக இடப்பக்கம் வரிசையில் நிற்கும். பின்னால் வரும் பைக் ஒன்று, வலப்பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து முன்னேறிக் கேட்டை ஒட்டி நிற்கும். அதன் பின்னாலேயே ஓர் ஆட்டோ, அடுத்து ஒரு கார். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ரயில் போய்க் கேட் திறக்கும்போது, சாலையின் முழு அகலத்தையும் அடைத்தபடி இரண்டு கூட்டங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. போக யாருக்கும் வழியில்லை. அடிக்க எல்லோரிடமும் ஹாரன் இருக்கிறது. ரயில் கடக்க ஆன நேரத்தைவிட இந்தச் சிக்கல் அவிழ அதிக நேரம் பிடிப்பதும் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் சாலை குறுகிவிடவில்லை. எதிரே வருபவருக்கு உரிய பாதியை இரு தரப்பும் எடுத்துக்கொண்டதுதான் நடந்தது. சாலையில் பொறுமை காட்டுவதைப் பெருந்தன்மை என்றே பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நேரத்தை மிச்சப்படுத்தும் கணக்கு.

நெரிசல் உண்டாக ஒரு தடை இருந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் அவரது குழுவினரும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். 2008-இல் அந்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது. பாதையில் சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் எவருமில்லை. ஆனாலும் ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, சிறிது நேரத்தில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. முன்வண்டியை உரசுவதுபோல் ஒட்டிப் போகிறவர் இந்த அலையைப் பெரிதாக்குகிறார். இடைவெளி விட்டுப் போகிறவர் அதைத் தணிக்கிறார். அவசரப்பட்டு அடையும் லாபமும் சொற்பம். 10 கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம், 50-இல் கடக்க 12 நிமிடம். அந்த மூன்று நிமிடமும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாவிட்டால்தான் கிடைக்கும்.

ஜப்பானியக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, ஸ்கூட்டர் எல்லாம் கலந்து ஓடும் சென்னைச் சாலையில், கிடைத்த இடத்தில் புகுந்து போவதால்தான் இவ்வளவு பேர் வீடு போய்ச் சேர முடிகிறது என்பதில் உண்மை இருக்கிறது. சிக்னலில் கார்களுக்கு நடுவே இருசக்கர வாகனங்கள் முன்னேறி நிற்பதால் வரிசையின் நீளம் குறைகிறது. ஆனால் நாம் போகும் திசையில் உள்ள காலி இடத்தில் நுழைவது வேறு, இன்னொருவர் போகும் வழியை அடைப்பது வேறு. நேராகப் போக வேண்டியவர் ஃப்ரீ லெஃப்ட்டில் நின்றுகொண்டால், பச்சை விளக்குக்காகக் காத்திருக்கவே தேவையில்லாத அத்தனை பேரும் அவர் பின்னால் காத்திருக்க வேண்டும். எதிர்ப்புறம் நிரம்பி வழியும்போது ‘பச்சைதானே’ என்று சந்திப்புக்குள் நுழைகிறவர், அடுத்த பச்சைக்கு உரியவர்களை நிறுத்திவிடுகிறார். இதற்காகத்தான் பிரிட்டன் 1967-இல் சந்திப்புகளில் மஞ்சள் கட்டங்களை வரைந்தது. வெளியேற இடம் தெரியாவிட்டால் உள்ளே நுழையாதே என்பதே அதன் அடிப்படை.

‘நான் ஒருவன் விட்டுக்கொடுத்தால் பின்னால் பத்துப் பேர் நுழைவார்கள், கடைசியில் நான்தான் ஏமாளி’ என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதற்கு உபதேசம் பதிலாகாது. விட்டுக்கொடுப்பதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு தடம் முடிந்து வண்டிகள் அடுத்த தடத்தில் சேரும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும் என்பது சட்டம். ஒரு வண்டிக்கு வழிவிட்டால் போதும், அடுத்தது தன் முறை என்று தெரிவதால் அங்கே யாரும் ஏமாளி ஆவதில்லை. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடுத்தடுப்பு வைத்தால், எதிர்ப்பக்கத்தை அடைக்க நினைப்பவருக்கும் வழியிருக்காது.

சாலையில் பள்ளம், பஸ் போதவில்லை, நடைபாதையில் கடை. இதையெல்லாம் சரிசெய்யாமல் ஓட்டுநரைக் குறை சொல்வதா என்ற கோபமும் நியாயமானதே. ஆனால் இடம் குறையக் குறைய, ஒருவர் தவறாக அடைக்கும் ஆறடிக்கு எல்லோரும் கொடுக்கும் விலை ஏறுகிறது. ஆகவே மோசமான சாலைக்குத்தான் பொறுமை அதிகம் தேவை. அதை எங்கே கற்றுத் தருகிறோம்? லைசென்ஸ் வாங்க வருகிறவர் காலி மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டுகிறார். வண்டி அவர் சொன்னபடி கேட்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் அவர் என்ன செய்வார் என்பதையும் சோதித்த பிறகு லைசென்ஸ் கொடுப்பதே முறை.